வானலைச் சிற்றூர்திகளில் மோட்டார் பழுது: நோய்நாடலும் வருமுன் காத்தலும்

முன்னுரை

கையில் ஒரு கட்டுப்படுத்தி; தரையில் ஒரு முழ நீளமுள்ள ஊர்தி; இரண்டிற்கும் இடையே கண்ணுக்குப் புலப்படாத வானலை. மக்கள் வழக்கில் 'ரிமோட் கார்' என்று பெயர் பெற்ற இச்சிற்றூர்தி விளையாட்டுப் பொருளே எனினும், அதனுள் இருக்கும் மோட்டார் விளையாட்டுப் பொருளன்று. ஆலைகளில் சுழலும் பெரும்பொறிகள் எந்த இயற்பியல் விதிகளுக்குக் கட்டுப்பட்டனவோ, அவ்விதிகளுக்கே இதுவும் கட்டுப்பட்டது. ஆகவே இதன் பழுதை ஆராய்வது பொறியியல் சிந்தனைக்கு நல்லதொரு பயிற்சியாகும்.

இக்கட்டுரை எழுதுவதற்குத் தூண்டுகோலாக அமைந்தது ஒரு சிறு நிகழ்ச்சி. என் தமக்கையின் மகன் தன் சேமிப்பைக் கொண்டு வாங்கிய ஊர்தி ஒருநாள் மாலை கருகிய நெடியுடன் நின்றுவிட்டது. "மாமா, மோட்டார் மட்டமானது; வேறு வாங்கினால் சரியாகிவிடும்" என்றான். நானும் ஆராயாமல் அதனை ஒப்புக்கொண்டு, செய்தவரைக் குறைகூறிவிட்டுப் புது மோட்டார் வாங்கிக் கொடுத்தேன். பத்து நாள்களில் அதுவும் கருகியது. மூன்றாவது மோட்டாருக்குப் பணம் கேட்க அவன் கூசினான். கொடுக்க நானும் தயங்கினேன். அப்போதுதான் ஊர்தியைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலானோம். பழுது மோட்டாரில் தொடங்கவில்லை என்பதை அன்று அறிந்தோம்.

நோய் இன்னதென்று அறிதல், அதன் காரணத்தை அறிதல், தணிக்கும் வழியை அறிதல் என்னும் வரிசையினைத் திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவனுக்கு வகுத்துக் காட்டுகிறது. அவ்வரிசை பொறிக்கும் பொருந்தும். அம்முறையைப் பின்பற்றியே இக்கட்டுரை அமைகிறது.

வரலாற்றுப் பின்னணி

மின்னோட்டத்தால் தொடர்ச்சியான சுழற்சியை உண்டாக்க இயலும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1821ஆம் ஆண்டில் இலண்டனில் செய்து காட்டினார். 1832இல் வில்லியம் ஸ்டர்ஜன் திசைமாற்றியுடன் கூடிய மோட்டாரை உருவாக்கினார். 1837இல் அமெரிக்கரான தாமஸ் டேவன்போர்ட் மின்மோட்டாருக்குக் காப்புரிமை பெற்றார். கம்பியின்றித் தொலைவிலிருந்து ஊர்தியை இயக்கும் கலையை நிக்கோலா டெஸ்லா 1898இல் நியூயார்க் நகரில் ஒரு சிறு படகினைக் கொண்டு மக்கள்முன் நிகழ்த்திக் காட்டினார். இவ்விரு மரபுகளும் ஒன்றுகூடிய இடமே வானலைச் சிற்றூர்தி.

சப்பானில் சிசுவோக்கா நகரைச் சார்ந்த தமியா நிறுவனம் 1976இல் போர்ஷே 934 மகிழுந்தின் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவுள்ள வானலை ஊர்தியை வெளியிட்டது. அந்நிறுவனம் 1984இல் வெளியிட்ட கிராஸ்ஹாப்பர் ஊர்தியில் 380 வகை மோட்டாரும், அதே ஆண்டு வெளிவந்த ஹார்னெட் ஊர்தியில் 540 வகை மோட்டாரும் இடம்பெற்றன. ஏறத்தாழ 36 மில்லிமீட்டர் விட்டமும் 50 மில்லிமீட்டர் நீளமும் உடைய வெள்ளிநிற உலோகக் குடுவை போன்ற 540 வகை இன்றளவும் இவ்வூர்திகளில் பரவலாகப் பயன்பட்டு வருகிறது. எனவே அதனையே சான்றாகக் கொண்டு மேலே செல்வோம்.

அமைப்பும் இயங்குமுறையும்

540 வகை மோட்டாரின் குடுவைச் சுவரில் இரண்டு வளைந்த காந்தங்கள் ஒட்டப்பட்டிருக்கும். நடுவே அச்சில் ஆர்மெச்சூர் சுழலும். அதில் மூன்று முனைகளும், அவற்றின்மேல் பூச்சிட்ட செம்புக்கம்பிச் சுருள்களும் உண்டு. அச்சின் ஒரு முனையில் மூன்று செம்புத் துண்டுகளால் ஆன திசைமாற்றி அமைந்திருக்கும். பட்டறையில் இதனைக் கம்யூட்டேட்டர் என்பர். அதன்மீது இரு பக்கமும் வில்லின் விசையால் அழுந்தி நிற்பவை கார்பன் பிரஷ் எனப்படும் கரித்தூரிகைகள். மின்னோட்டம் தூரிகை வழியே திசைமாற்றிக்குச் சென்று சுருளை அடைகிறது.

இங்கு மாணவர் மனத்தில் பதிய வேண்டிய ஓர் உண்மை உண்டு. மோட்டார் சுழலும்போது, அதுவே ஒரு மின்னாக்கியாகவும் செயற்பட்டு, பேட்டரியின் மின்னழுத்தத்திற்கு எதிராக ஒரு மின்னியக்கு விசையைத் தோற்றுவிக்கிறது. இதுவே எதிர் மின்னியக்கு விசை. ஓடும் மோட்டாரைக் காப்பது இவ்விசையே.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். பேட்டரியின் மின்னழுத்தம் 7.2 வோல்ட் என்றும், சுற்றின் மொத்த மின்தடை 0.2 ஓம் என்றும் கொள்வோம். ஓட்டத்தில் எதிர் விசை 5.2 வோல்ட் எனில், எஞ்சுவது 2 வோல்ட். ஆகவே மின்னோட்டம் 10 ஆம்பியர். மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கக் கிடைக்கும் வெப்பம் 20 வாட். இதே மோட்டாரின் சக்கரம் கல்லில் சிக்கி நின்றுவிடுமாயின் எதிர் விசை அற்றுப் போகும். மின்னோட்டம் 36 ஆம்பியராக உயரும். வெப்பமோ ஏறத்தாழ 259 வாட் ஆகும். மின்னோட்டம் மூன்றரை மடங்கு ஏற, வெப்பம் பதின்மூன்று மடங்கு ஏறுகிறது. மோட்டார் கருகுவதன் மறைபொருள் இக்கணக்கில் அடங்கியுள்ளது.

வெப்பம் வெப்பத்தை வளர்க்கும் என்பதும் நோக்கத்தக்கது. செம்பின் மின்தடை ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு உயர்கிறது. சூடேறிய காந்தத்தின் வலிமையோ குறைகிறது. வலிமை குன்றிய காந்தத்தைக் கொண்டு அதே திருப்புவிசையைப் பெற வேண்டுமெனில் கூடுதல் மின்னோட்டம் தேவை. கூடுதல் மின்னோட்டம் மேலும் வெப்பத்தைத் தருகிறது. இச்சுழலினுள் ஒருமுறை புகுந்த மோட்டார் தானாக மீள்வதில்லை.

நோய்க்குறிகள்

மோட்டார் தன் குறையை ஐம்புலன்களுக்கும் உணர்த்துகிறது. அக்குறிகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, ஊர்தி அறவே ஓடாமை. இந்நிலையில் மோட்டாரைக் குற்றம் சாட்டுவதற்குமுன் பேட்டரி, இணைப்பு முனைகள், நிலைமாற்றி, ஈயப்பற்று ஆகியவற்றைப் பார்த்தல் வேண்டும். பின்னர் மோட்டாரின் இரு கம்பிகளையும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியினின்று கழற்றிவிட வேண்டும். பல்சக்கரத் தொடர்பை நீக்கி, 3 வோல்ட் அளவிலான மின்கலத்தில் ஒரிரு நொடிகள் இணைத்துப் பார்க்கலாம். மோட்டார் சுழலுமாயின் நோய் கட்டுப்பாட்டுக் கருவியிலோ ஏற்பியிலோ உள்ளது. இச்சோதனை தூரிகை உள்ள மோட்டாருக்கு மட்டுமே உரியது என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது, விரலால் தள்ளிவிட்டால் மட்டும் ஓடுதல். மூன்று சுருள்களில் ஒன்று அறுந்திருக்கலாம்; திசைமாற்றியின் ஒரு துண்டு கருகியிருக்கலாம்; அல்லது தூரிகை தன் கூட்டினுள் சிக்கித் திசைமாற்றியைத் தொடாமல் நிற்கலாம். குறிப்பிட்ட ஒரு நிலையில் நின்றால் மட்டும் கிளம்பாமை முன்னிரண்டிற்கும் அடையாளம். நிலை எதுவாயினும் தயங்குதல் தூரிகைக் குறைக்கு அடையாளம்.

மூன்றாவது, வேகம் குன்றிச் சூடு மிகுதல். இதற்குக் காரணங்கள் பல. பற்கள் இறுகப் பொருந்துதல், பொருத்தமற்ற பல்விகிதம், எண்ணெய் வற்றிய தாங்கி, சக்கர அச்சில் சுற்றிக்கொண்ட முடியும் நூலும் ஆகியன அவற்றுள் சில. இவற்றுள் பெரும்பாலானவை மோட்டாருக்கு வெளியே இருப்பவை என்பது கருதத்தக்கது.

நான்காவது, கையில் பிடித்து இயக்கினால் முன்னினும் விரைவாகச் சுழன்று, தரையில் வைத்தால் தளர்தல். காண்போரை ஏமாற்றும் குறி இது. காந்தம் வலுவிழந்தால் எதிர் மின்னியக்கு விசையும் குறையும். எனவே சுமையில்லாதபோது மோட்டார் கூடுதல் வேகத்தில் சுழலும். ஆயின் திருப்புவிசை குறைந்துவிடுவதால் சுமையைத் தாங்காது. "நன்றாகத்தானே சுற்றுகிறது" என்று எண்ணி இத்தகைய மோட்டாரை மீண்டும் பொருத்துவோர் பலர்.

ஐந்தாவது, தீப்பொறி மிகுதல். தூரிகையின் ஓரத்தில் சிறு நீலப்பொறி தோன்றுவது இயல்பே. திசைமாற்றியைச் சுற்றி வளையமாகப் பொறி பறத்தல் தூரிகைத் தேய்வையோ, வில்லின் தளர்ச்சியையோ, அழுக்கையோ காட்டும். பொறிகள் வானலைக் குறுக்கீட்டையும் உண்டாக்குவதால் மோட்டாரின் முனைகளில் சிறு மின்தேக்கிகளைப் பொருத்துவர். பழைய 27 மெகாஹெர்ட்ஸ் கருவிகளில் மின்தேக்கி அறுந்தால் ஊர்தி தன் போக்கில் துடிக்கும். பின்வந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளில் இத்தொல்லை பெரிதும் குறைவு.

ஆறாவது, மணமும் ஒலியும். கீச்சிடும் ஒலி தாங்கியின் வறட்சியைக் காட்டும். கருகிய நெடி கம்பிப் பூச்சு எரிந்ததைக் காட்டும். பூச்சு எரிந்த சுருள் அடுத்தடுத்த சுற்றுகளோடு ஒட்டிக்கொண்டு குறுக்குச் சுற்றாகிவிடும். அந்நிலைக்குப் பின் மருந்தில்லை, மாற்றுதலே வழி.

நோய் தேறும் முறை

எளியதினின்று அரியதற்கும், வெளியிலிருந்து உள்ளுக்கும் செல்வதே முறையான தேர்வு. ஊர்தியைத் தலைகீழாக வைத்துச் சக்கரங்களைக் கையால் சுழற்றிப் பார்த்தல் முதற்படி. எங்கேனும் இறுக்கம் தோன்றினால், மோட்டாரைக் கழற்றிவிட்டு மீண்டும் சுழற்ற வேண்டும். இறுக்கம் அப்படியே இருந்தால் குறை சக்கரத் தொடரில் உள்ளது. நீங்கிவிட்டால் பற்பொருத்தத்திலோ மோட்டாரிலோ உள்ளது. அடுத்து மோட்டாரின் அச்சை மட்டும் விரலால் திருப்ப வேண்டும். காந்த ஈர்ப்பால் விட்டுவிட்டுத் தடுப்பது இயல்பு, உராய்வது இயல்பன்று. அச்சைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தால் தாங்கியின் தேய்வு புலப்படும்.

மல்ட்டிமீட்டர் கொண்டு சுருளின் மின்தடையை அளக்க முற்படுவோர் ஓர் எச்சரிக்கையை மனங்கொள்ள வேண்டும். சுருளின் மின்தடை ஓர் ஓமின் சிறு பங்கே. அளக்கும் கம்பிகளின் தடையே அதனை ஒத்திருக்கக்கூடும். ஆதலின் சாதாரணக் கருவி தரும் எண்ணைக் கொண்டு நல்ல சுருளையும் கெட்ட சுருளையும் வேறுபடுத்த இயலாது. ஆயினும் இரண்டு செய்திகளை அக்கருவி ஐயமின்றிக் கூறும். அச்சை மெல்லத் திருப்பிக்கொண்டே அளக்கையில் குறிப்பிட்ட ஓரிடத்தில் இணைப்பு முற்றிலும் அறுபட்டால், தூரிகையிலோ திசைமாற்றியிலோ குறை உண்டு. மோட்டாரின் முனைக்கும் குடுவைக்கும் இடையே மின்தொடர்பு தோன்றினால், உள்ளே காப்பு உடைந்துள்ளது. இப்பின்னைய குறைக்கு ஒரு காரணம் வியப்பானது. மோட்டாரைப் பொருத்தும் திருகாணி வேண்டிய அளவினும் நீண்டிருந்தால், அதன் முனை குடுவைக்குள் புகுந்து சுருளைக் கீறிவிடும். தொலைந்த திருகாணிக்கு மாற்றாகக் கைக்குக் கிடைத்ததைப் போடுவோர் இதனை நினைவில் வைத்தல் நலம்.

தூரிகையற்ற மோட்டார்

இன்று பல ஊர்திகளில் தூரிகையற்ற மோட்டார்கள் இடம்பெறுகின்றன. இவற்றில் சுருள்கள் நிலையாக நிற்க, நியோடிமியக் காந்தம் பதித்த அச்சு சுழல்கிறது. திசைமாற்றியின் பணியை வேகக் கட்டுப்பாட்டுக் கருவியே மின்னணு முறையில் செய்கிறது. தூரிகை இல்லாமையால் தேய்வும் பொறியும் இல்லை. எனினும் நோயே இல்லை என்பதில்லை.

கிளம்பும்போது ஊர்தி துடிதுடித்து நடுங்குமாயின், மூன்று கம்பிகளுள் ஒன்று தளர்ந்துள்ளதா என்பதை முதலில் நோக்க வேண்டும். நிலையுணரி உள்ள வகையாயின் உணரிக் கம்பியையும் பார்த்தல் வேண்டும். மூன்று கம்பிகளையும் கழற்றி ஒன்றையொன்று தொடாதவாறு விலக்கி வைத்து அச்சைத் திருப்பினால், அது எளிதாகத் திரும்ப வேண்டும். தாங்கி நன்றாக இருந்தும், பாகில் கரண்டியைத் திருப்புவதுபோல் கனத்த தடுப்புத் தோன்றினால், சுருளில் குறுக்குச் சுற்று உண்டானதென ஐயுறலாம். நியோடிமியக் காந்தத்தின் எளிய தரங்கள் ஏறத்தாழ 80 பாகை செல்சியசுக்கு மேல் தம் வலிமையில் ஒரு பகுதியை நிலையாகவே இழக்கக்கூடும். குளிர்ந்தபின்னும் அது மீளாது. இவ்வகை மோட்டாரை நேரடியாகப் பேட்டரியில் இணைத்துச் சோதித்தல் ஒருபோதும் கூடாது. இணைத்தால் சுழலாது, சுருளே கருகும்.

வருமுன் காத்தல்

தடுப்பு முறைகளுள் தலையாயது பல்விகிதம். மோட்டார் அச்சிலுள்ள சிறுபல்சக்கரத்தைப் பினியன் என்பர். பெரிய சக்கரத்தில் 60 பற்களும் பினியனில் 20 பற்களும் இருந்தால் விகிதம் 3. வேகம் விரும்பி 24 பல் பினியனை இட்டால் விகிதம் 2.5 ஆகிறது. அதே இழுவைக்கு மோட்டார் 20 விழுக்காடு கூடுதல் திருப்புவிசையைத் தர வேண்டும். மின்னோட்டமும் ஏறத்தாழ அவ்வளவே உயரும். வெப்பம் இருமடி விதிப்படி 44 விழுக்காடு மிகும். பெரிய சக்கரங்களைப் பூட்டுவதும் இதே விளைவையே தரும். என் மருமகனின் ஊர்தியில் நாங்கள் கண்ட குறை இதுவே. நண்பர்களின் ஊர்தியை முந்த வேண்டும் என்னும் ஆவலில் பெரிய பினியனை அவனே பூட்டியிருந்தான். முதல் மோட்டார் எரிந்தபோது மோட்டாரை மாற்றினோம், பினியனை மாற்றவில்லை. நோய் இருக்க, நோயாளியை மாற்றினோம்.

இரண்டாவது, பற்பொருத்தம். மோட்டாரை இறுக்கும்போது இரு சக்கரங்களின் பற்களுக்கிடையே மெல்லிய தாள் துண்டொன்றைச் செலுத்தி இறுக்கிப் பின் தாளை உருவிவிட்டால், வேண்டிய சிறு இடைவெளி கிடைக்கும். பற்களுக்கிடையே மயிரிழை அசைவு இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, ஓய்வு. 1980களில் வழங்கிய 1200 மில்லி ஆம்பியர்-மணி நிக்கல்-காட்மியம் பேட்டரி சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அது மின்னேற்றம் பெறும் நேரமே மோட்டாருக்கு ஓய்வாக அமைந்தது. இன்று 5000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரிகள் எளிதிற் கிடைக்கின்றன. அதே மோட்டார் அதே சுமையில் நான்கு மடங்கு நேரம் இடைவிடாது உழைக்க நேர்கிறது. ஆகவே ஓய்வை நாமே வகுத்தளித்தல் வேண்டும். குடுவையின் வெளிப்புறத்தைவிட உட்புறம் மிகுதியாகச் சூடேறியிருக்கும் என்பதால், வெளியே தொட முடியாத சூடு தோன்றுமுன்னரே நிறுத்துதல் அறிவுடைமை. தொடாமல் வெப்பம் அளக்கும் கருவி இருப்பின் மிக நன்று.

நான்காவது, இயக்கும் முறை. முழு வேகத்தில் முன்செல்லும் ஊர்தியைச் சட்டெனப் பின்னோக்கி இயக்குதல் பெருந்தீங்கு. முன்கண்ட எடுத்துக்காட்டில், எதிர் விசையாகிய 5.2 வோல்ட் அப்போது பேட்டரியின் 7.2 வோல்ட்டுக்குத் துணையாகிவிடும். 12.4 வோல்ட்டை 0.2 ஓமால் வகுக்கக் கிடைப்பது 62 ஆம்பியர். சிக்கி நிற்கும் மோட்டாரிலும் பாயாத மின்னோட்டம் இது. அவ்வாறே சுவரில் முட்டி நிற்கும் ஊர்தியை விசையை அழுத்தி மீட்க முயலாமல், நடந்து சென்று கையால் எடுப்பதே மோட்டாருக்குச் செய்யும் நன்மை.

ஐந்தாவது, பேணுதல். புதிய மோட்டாரைச் சுமையின்றி 2 அல்லது 3 வோல்ட்டில் சில நிமிடங்கள் சுழலவிட்டால், தூரிகையின் முகம் திசைமாற்றியின் வளைவுக்கேற்பப் படிந்துவிடும். தாங்கிக்கு ஒரு துளி எண்ணெய் போதும். அது திசைமாற்றியைச் சென்றடைந்தால் கரித்தூளுடன் குழைந்து கேடு செய்யும். மணலும் நீரும் உள்ள இடத்தில் ஓடிய ஊர்தியை அன்றே துடைத்து உலர்த்த வேண்டும். பிரிக்கக்கூடிய மோட்டாராயின் தூரிகை பாதியளவு தேயுமுன்னரே மாற்றுதல் தக்கது. வெள்ளிநிற 540 மோட்டாரின் குடுவை மூடி முறுக்கப்பட்டது. அதன் தூரிகைகளை மாற்றும் வசதி இல்லை. தேய்ந்தபின் முழு மோட்டாரையே மாற்ற வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் அறியலாகும் உண்மைகள் வருமாறு:

1. மோட்டாரை அழிப்பது பெரும்பாலும் வெப்பமே. வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியாக வளர்வது.

2. சூட்டின் காரணம் பல வேளைகளில் மோட்டாருக்கு வெளியே, பல்சக்கரத்திலும் சக்கரத்திலும் ஓட்டுபவரின் விரலிலும் உள்ளது.

3. விரைந்து சுழலும் மோட்டார் எல்லாம் நலமுள்ள மோட்டார் அல்ல; சுமையில் தேர்ந்தே நலம் காண வேண்டும்.

4. காரணத்தை நீக்காமல் உறுப்பை மாற்றுதல் செலவை இரட்டிப்பதேயன்றிப் பழுதை நீக்காது.

என் மருமகனின் ஊர்தியில் பழைய 20 பல் பினியனை மீண்டும் பூட்டினோம். சேமிப்பிலிருந்து அவன் பாதியும் நான் பாதியும் இட்டு மூன்றாவது மோட்டாரை வாங்கினோம். நண்பர்களின் ஊர்திகளை அது முந்துவதில்லை, ஆயினும் ஓடிக்கொண்டிருக்கிறது. எரிந்துபோன இரண்டு மோட்டார்களையும் அவன் எறிந்துவிடவில்லை. ஒன்றைப் பிரித்து, கருகிய சுருளையும் கறுத்த திசைமாற்றியையும் அட்டையில் ஒட்டி, ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் தமிழில் எழுதித் தன் வகுப்பிற்கு எடுத்துச் சென்றான். பழுதான பொறியும் பாடநூலாகும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.